படியறிந்து ஏறுதல்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே நாலந்தையையும் தம்புள்ளையையும் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரங்களில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள்ளன. மிளகுக் கொடி, கறுவா, ஏலம், சாதிக்காய், கராம்பு, வனிலா என்பவற்றைப் பார்த்துச் செல்ல ஐரோப்பிய உல்லாசப் பயணிகள் அங்கே வருகின்றனர். அவர்களில் ஜேர்மானியரும் உண்டு. அவர்களை அழைத்துச் செல்லும் உள்ளூர் வழிகாட்டிகளிற் சிலர், பள்ளியில் ஒரு நாளேனும் ஜேர்மன் மொழி படித்தவர்கள் அல்லர். ஆயினும் கறுவாப் பட்டையை உரித்துக் காட்டி ‘ட்ஸிம்ட்’ என்பர். மிளகை ‘ப்ஃபெஃபர்’ என்பர். இஞ்சிக் கிழங்கை எடுத்து ‘இங்வெர்’ என்பர். இந்த ‘இங்வெர்’ என்னும் சொல் இலத்தீன், கிரேக்கம், பிராகிருதம் வழியாகச் சென்றதென்றும், அதன் மூலம் ‘இஞ்சிவேர்’ என்னும் பழந் திராவிடச் சொல்லே என்றும் மொழிநூலார் கூறுவர். நம் வீட்டுச் சொல்லொன்று உலகைச் சுற்றித் தோட்டத்து வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

இத்தகைய வழிகாட்டி ஒருவர், முறையாகக் கற்று ஒரு சான்றிதழ் பெற வேண்டுமென்று எண்ணிக் கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று மொழி வகுப்பில் சேர முற்படுகிறார் என்று கொள்வோம். அங்கே அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, “எந்த நிலை வகுப்பில் சேர விரும்புகிறீர்கள்?” என்பதாகும். பயணிகளோடு அரைமணி நேரம் தடையின்றிப் பேச வல்லவர் அவர். ஆனால் தம் பெயரையும் முகவரியையும் அம்மொழியில் எழுதத் தெரியாதவர். முதல் வகுப்பில் அமர்ந்தால் தெரிந்ததையே கேட்டுச் சலிப்படைவார். மேல் வகுப்பில் அமர்ந்தால் முதல் வாரத்திலேயே எழுத்துப் பயிற்சியின் முன் திகைத்து நிற்பார்.

இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியில் வாழும் கணவரிடம் செல்லக் காத்திருக்கும் மணப்பெண்ணுக்கும், அந்நாட்டு வைத்தியசாலையில் பணி தேடும் தாதிக்கும், ஆங்கிலத்தில் பட்டம் பெற்ற பின் மற்றுமொரு மொழியைக் கற்க விரும்பும் முதியவருக்கும் இதே கேள்வி எழுகிறது. சிறுவனை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை வயதே தீர்மானித்துவிடுகிறது. வயது வந்தவரோ தம் இடத்தைத் தாமே அறிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேதான் தன்மானம், அச்சம், அவசரம் ஆகிய மூன்றும் குறுக்கிடுகின்றன. தவறான வகுப்பினால் வீணாவது கட்டணம் மட்டுமன்று. கற்க வேண்டுமென்ற மனமும் அங்கேயே முறிந்துபோகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நன்று. ஜேர்மன் மொழிக்கும் தமிழுக்கும் இடையே வயது வந்த மாணவர் கடந்த பாதை 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதில் முதலில் நடந்தவர் ஜேர்மன் கற்ற தமிழரல்லர். தமிழ் கற்ற ஜேர்மானியர்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், டேனிஷ் வர்த்தகக் குடியேற்றமான தரங்கம்பாடியில் பார்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் இளைஞர் வந்திறங்கினார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்பிய இரு பாதிரிமாரில் ஒருவர் அவர். மற்றவர் ஹைன்ரிக் புளுட்சோ. சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்த சீகன்பால்குக்கு, வந்திறங்கிய மறுநாள் 24 வயது நிறைந்தது. இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர். ஹாலே நகரப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். ஆனால் தமிழில் ஓரெழுத்தும் அறியார். வயது வந்தோருக்கென்று தமிழ் வகுப்பு எதுவும் அந்தக் கடற்கரையில் இருக்கவில்லை.

அவர் செய்தது, கற்றறிந்த மனிதர் எளிதிற் செய்யத் துணியாத செயலாகும். முதியவரான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை, அவருடைய மாணவர் குழாத்தோடு தம் இல்லத்திற்கே அழைத்துக்கொண்டார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்கள் விரலால் மணலில் எழுதியதைத் தாமும் எழுதினார். அவர்கள் உரக்கச் சொல்லியதைத் தாமும் சொல்லினார். பல்கலைக்கழகம் கண்ட ஒருவர் அரிச்சுவடி வகுப்பில் அமர்ந்த காட்சி அது. தமக்குத் தெரிந்த பிற மொழிகளைக் காட்டி ஒரு படியேனும் உயர வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை, அந்தச் சிறுவர்களுக்கும் தமக்கும் வேற்றுமை இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எனினும் அந்த வகுப்பு அவருக்கு முழுதும் போதவில்லை. எழுத்துக்களை அறிந்தார், வாசிக்கவும் கற்றார். பொருள் மட்டும் விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. தமிழிலேயே வளர்ந்த சிறுவர்களுக்குப் பொருள் சொல்லித்தர வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை. எனவே சீகன்பால்கு அழகப்பன் என்னும் தமிழரை உதவிக்கு அமர்த்தினார். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இவர், போர்த்துக்கேயம், டேனிஷ், டச்சு ஆகியவற்றோடு ஜேர்மன் மொழியும் அறிந்தவர். அன்றைய தரங்கம்பாடியில் ஜேர்மன் பேச வல்ல தமிழர் ஒருவர் வாழ்ந்தார் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

இதன்பின் அவருடைய கல்வி மூன்றாம் படிக்கு ஏறியது. ஐரோப்பாவுக்கு அனுப்பிய கடிதங்களில் தம் அன்றாட ஒழுங்கை அவர் விவரித்துள்ளார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை முன்பு கற்ற சொற்களை மீளப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, புதிய தமிழ் நூல்களை வாசிப்பார். புதிய சொல்லும் வழக்கும் வந்தவுடன் எழுத்தர் அவற்றைக் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வளித்துப் பிறர் வாசிக்கக் கேட்டல். ஒரே ஆசிரியரின் நூலை, அதில் அறியாத சொல் ஒன்றும் இல்லை என்னும் வரை நூறுமுறை வாசித்ததும் உண்டென்கிறார். 1708இல் தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. 1719இல் அவர் மறைந்தபோது வயது 36 மட்டுமே.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. தமக்குரிய படி தாழ்ந்த படியாயினும் அதில் அமர அவர் நாணவில்லை என்பது ஒன்று. அந்தப் படி தரக்கூடியதைத் தந்து முடித்தவுடன், அதிலேயே தங்கிவிடவும் இல்லை என்பது மற்றொன்று. மேலும், எழுதுவதற்குச் சிறுவருடைய வகுப்பையும், பொருளறிவதற்கு மொழிபெயர்ப்பாளரையும், நூலறிவுக்குப் புலவரையும் அவர் நாடினார். ஒரே மனிதர் வெவ்வேறு திறன்களில் வெவ்வேறு படிகளில் நிற்கலாம் என்பதை அவர் நடைமுறையிற் கண்டறிந்தார்.

சீகன்பால்கு தனியொருவராய்க் கண்டறிந்த இவ்வுண்மையை, ஐரோப்பியக் கல்வி நிறுவனங்கள் ஓர் ஒழுங்காக வகுக்க இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்றது. பிறநாட்டவருக்கு ஜேர்மன் மொழி கற்பிக்கும் பணிக்காக 1951இல் மியூனிக் நகரில் கொயத்தே நிறுவனம் தோன்றியது. 1955இல் டோரா ஷுல்ஸ், ஹைன்ஸ் கிரீஸ்பாக் ஆகிய இருவரும் எழுதிய பாடநூல் வெளிவந்து, பல நாடுகளில் வழங்கியது. கொழும்பில் அந்நிறுவனத்தின் கிளை 1957இல் அமைந்தது. அக்கால வகுப்புகள் அடிநிலை, இடைநிலை, மேல்நிலை என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பாடநூலில் எத்தனை பாடம் முடிந்தது என்பதே பெரும்பாலும் மாணவரின் அளவுகோலாக இருந்தது. பாடம் முடித்தவர் அம்மொழியைக்கொண்டு என்ன செய்ய வல்லவர் என்பதை அந்த அளவுகோல் சொல்லவில்லை.

இக்குறையை நீக்கும் முயற்சி வயது வந்த மாணவரை முன்னிட்டே தொடங்கியது. 1971இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகருக்கு அருகிலுள்ள ரூஷ்லிகோன் என்னும் ஊரில் ஐரோப்பிய மன்றம் ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. தொழிலுக்காகவும் குடிபெயர்வுக்காகவும் பிறமொழி கற்கும் பெரியோருக்கு எதைக் கற்பிப்பது, எப்படி அளப்பது என்பன ஆராயப்பட்டன. அதன் பயனாக, அந்நிய நாட்டில் ஒருவர் பிறர் துணையின்றி அன்றாட வாழ்வை நடத்த வேண்டிய மொழியறிவை வரையறுக்கும் ‘வாயிற்படி நிலை’ என்னும் நூல் 1975இல் ஆங்கிலத்துக்கு வெளிவந்தது. பின்னர் பிரெஞ்சுக்கும் ஜேர்மனுக்கும் அத்தகைய நூல்கள் வந்தன. 1991இல் அதே ரூஷ்லிகோனில் மீண்டும் கூடி ஆராய்ந்ததன் விளைவாக, 2001இல் ஐரோப்பிய மொழிகளுக்கான பொதுச் சட்டகம் வெளியிடப்பட்டது. ஏ-1, ஏ-2, பி-1, பி-2, சி-1, சி-2 என்னும் ஆறு படிகள் இன்று உலகெங்கும் வழங்குவது இச்சட்டகத்தால்தான்.

இந்தப் படிகள் வகுக்கப்பட்டு வந்த காலத்திலேயே, அவை இல்லாத துன்பத்தை இலங்கைத் தமிழர் பலர் அனுபவித்தனர். 1983 ஜூலை வன்செயலில் மாத்தளையிலும் தமிழர் கடைகள் எரியுண்டன. ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலும் தாக்குதலுக்குள்ளானது. அதன்பின் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் மேற்கு ஜேர்மனியைச் சென்றடைந்தனர். அவர்களுட் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குட் புகுந்தவர்கள். புகலிடம் கோரி நின்றோருக்கு அரசாங்க மொழி வகுப்பில் உரிமை இருக்கவில்லை. உணவகச் சமையற்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் காதால் கேட்டதே பலருக்குக் கல்வியாயிற்று. சட்டியையும் தட்டையும் கேட்டு வாங்கப் பேச்சு வந்தது. அலுவலகக் கடிதத்தை வாசிக்க வரவில்லை. பிள்ளைகள் பள்ளியிற் கற்று வந்து பெற்றோருக்காகக் கடிதம் வாசித்த நிலை பல வீடுகளில் உண்டாயிற்று. இத்தனை இடர்களுக்கிடையிலும் அம்மக்கள் வேரூன்றினர். ஹாம் நகரில் 2002இல் எழுந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் அதற்குச் சான்றாகும்.

காலம் மாறியது. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தினால், குடியேறியோருக்கு 600 பாட நேரம் கொண்ட மொழி வகுப்பு ஏற்படுத்தப்பட்டது. அதன் இலக்கு பி-1 நிலை. 2007இல் செய்த திருத்தத்தினால், சில விலக்குகள் நீங்கலாக, ஜேர்மனியில் உள்ள கணவரிடமோ மனைவியிடமோ செல்ல விரும்புபவர், புறப்படுமுன்னரே ஏ-1 அளவு மொழியறிவைக் காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தாதியர் தம் தொழிலுக்குரிய முழு அங்கீகாரத்தைப் பெறப் பொதுவாக பி-2 வேண்டப்படுகிறது. இவ்வாறு, முன்னர் கடல் கடந்த பின் எழுந்த மொழிச் சிக்கல், இப்போது மாத்தளையிலோ உக்குவளையிலோ இறத்தோட்டையிலோ உள்ள வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. குடும்பம் ஒன்று கூடுவது ஒரு பரீட்சைப் பெறுபேற்றில் தங்கியிருக்கிறது.

ஆகையால் இந்தப் படிகளின் பொருளை அறிவது பயனுடையது. தம்மைப் பற்றிச் சொல்லவும், எதிரே உள்ளவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசினால் எளிய கேள்விகளுக்கு விடையளிக்கவும் வல்லவர் ஏ-1 நிலையை எய்தியவர். கடை, தொழில், குடும்பம் முதலிய பழகிய விடயங்களில் நேரடியாகச் செய்தி பரிமாற வல்லவர் ஏ-2. அனுபவங்களை எடுத்துரைத்துத் தம் கருத்துக்குக் காரணம் கூற வல்லவர் பி-1. சிக்கலான நூற்பகுதியின் கருத்தைப் பற்றிக்கொண்டு, அம்மொழி பேசுவோருடன் இடர்ப்பாடின்றி உரையாட வல்லவர் பி-2. சி-1, சி-2 என்பன புலமை நோக்கிய படிகள். ஏ-1 முடிக்க 80 முதல் 200 வரையும், பி-1 எய்தும்வரை மொத்தம் 350 முதல் 650 வரையும், பி-2 எய்தும்வரை 600 முதல் 800 வரையும், 45 நிமிடம் கொண்ட பாட நேரங்கள் தேவைப்படும் என்பது கொயத்தே நிறுவனத்தின் கணக்கு. கணக்கில் இத்தனை இடைவெளி இருப்பதே, மாணவர்தம் முன்னறிவு ஒருதன்மைத்தன்று என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஆங்கிலம் கற்றோர் ஒரு மயக்கத்திற்கு உள்ளாவதுண்டு. கைக்கு ஆங்கிலத்தில் ‘ஹாண்ட்’, ஜேர்மனிலும் ‘ஹாண்ட்’. வீட்டுக்கு அங்கே ‘ஹவுஸ்’, இங்கேயும் ‘ஹவுஸ்’. இதைக் கண்டு, முதல் வகுப்பு வேண்டாம், இரண்டாவதே போதும் என்பர். ஆனால் சில நாளில் பால்பாகுபாடு எதிர்ப்படும். கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால் என்பது ஜேர்மன் முறை. சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஹென்’ என்னும் சொல்லும் அலிப்பாலே. உயர்திணை, அஃறிணை என அறிவு நோக்கிப் பகுத்த தமிழருக்கு இது வியப்பளிக்கும். ஆங்கிலமோ இங்கே துணைசெய்யாது. முதல் வகுப்பில் ஒவ்வொரு பெயரோடும் அதன் பாலைச் சேர்த்து மனனம் செய்யாதவர், மேல் வகுப்பில் வேற்றுமை உருபு மாறும்தோறும் இடறுவர்.

மறுபுறம், தமிழருக்குத் தாம் அறியாத ஒரு பலமும் உண்டு. எட்டு வேற்றுமை கற்றவருக்கு ஜேர்மனின் நான்கு வேற்றுமை அச்சந் தருவதில்லை. ‘நான் இன்று மாத்தளையில் வேலை செய்வதால்’ என்னும் தொடரில் வினை இறுதியில் நிற்பது போலவே, காரணங் கூறும் ஜேர்மன் துணைத்தொடரிலும் வினை இறுதிக்குச் செல்கிறது. ஆங்கிலேயரை இடறவைக்கும் இந்த அமைப்பு தமிழருக்குப் பழகிய வீட்டு முற்றம். சொற்களை இணைத்து நீண்ட தொகையாக்குவதும் அவ்வாறே. ஆகவே முதற் படியில் பொறுமையோடு நின்றவர், அடுத்த படிகளில் விரைந்தேறுவதற்கு இடமுண்டு.

இனி, தோட்டத்து வழிகாட்டியிடம் திரும்புவோம். அவருக்குரிய வகுப்பு எது? பேச்சில் அவர் ஏ-2 நிலையை அணுகியிருக்கக்கூடும். எழுத்தில் ஏ-1 தொடக்கத்திலேயே நிற்கிறார். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கையும் தனித்தனியே நோக்குவது பொதுச் சட்டகத்தின் வழி. ஏ-1 பரீட்சையிலும் இந்நான்கும் உள. எழுத்துப் பகுதி ஏறக்குறைய 65 நிமிடம், பேச்சுப் பகுதி 15 நிமிடம், சித்தியடைய 100க்கு 60 புள்ளி. அவர் பேச்சை நம்பி மேல் வகுப்பிற் சேர்ந்தால், எழுத்து அவரைக் கீழே இழுக்கும். முதல் வகுப்பிற் சேர்ந்து எழுத்தையும் இலக்கணத்தையும் சீர்செய்துகொண்டால், தெரிந்த பேச்சு அவருக்கு ஊன்றுகோலாகும். பிறர் நெடுநாள் எடுக்கும் வகுப்பை அவர் விரைவிற் கடப்பார். மனனம் செய்த தொடர் வேறு, தாமே அமைக்கும் தொடர் வேறு என்பதையும் அங்கேதான் உணர்வார். பயணி எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்கும்போது, மனனத் தொடர் கைவிட்டுவிடும் அன்றோ?

பொதுவாக, வகுப்பிற் சேருமுன் நிலையறி சோதனை ஒன்றை எழுதுவதும், வெளியிடப்பட்டுள்ள மாதிரி வினாத்தாளை வீட்டிலிருந்து உண்மையாகச் செய்து பார்ப்பதும் நலம். நான்கு திறன்களில் மிகத் தாழ்ந்த திறன் எதுவோ, அதைக் கொண்டே படியைத் தெரிந்தெடுத்தல் தகும். இரண்டு படிகளுக்கிடையே ஐயமிருந்தால் கீழ்ப்படியே பாதுகாப்பானது. எனினும் வகுப்பிற் சொல்வது யாவும் முன்னரே தெரிந்ததாயின், ஆசிரியரிடம் அதனை எடுத்துரைத்து மேலே செல்லத் தயங்கலாகாது. தாழ்ந்த படியை இழிவென்று எண்ணுவது எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு அச்சத்தால் அதிலேயே குடியிருப்பதும்.

மாத்தளை வழிகாட்டியும், அவரோடு ஒரே வாங்கில் அமரப்போகும் மணப்பெண்ணும் தாதியும் முதியவரும், தரங்கம்பாடி மணலில் எழுதிய அந்த இளைஞரின் வழியிலேயே அடியெடுத்து வைக்கின்றனர். தாம் எங்கே நிற்கிறோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டதே அவருடைய கல்விக்கு முதற் பாடமாயிற்று. அந்தப் பாடத்துக்கு வகுப்புமில்லை, கட்டணமுமில்லை. ஆயினும் அதைப் படித்தவரே மற்ற வகுப்புகளை முடிக்கின்றனர்.